கிரேட் 2 மூளைக்கட்டி, ஐ.டி.எச். நெகட்டிவ்: வொராசிடெனிப் பற்றிக் கேட்கலாமா?

களுவாஞ்சிகுடி:
மாமாவுக்கு 44 வயது. கொழும்பில் ஒப்பரேஷன் முடிஞ்சுது, கட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கு. ரிப்போர்ட்டில் அஸ்ட்ரோசைட்டோமா கிரேட் 2, ஐ.டி.எச்.1 என்ற மரபணுவில் ஆர்132எச் மாற்றம் இருக்கா என்று பார்க்கிற நிறச்சோதனை நெகட்டிவ். கதிர், கீமோ ஒன்றும் தொடங்கவில்லை. ஐ.டி.எச். மாற்றம் உள்ள கட்டிக்குக் கொடுக்கிற வொராசிடெனிப் குளிசை பற்றி கிளினிக்கில் கேட்கலாமா? என்னென்ன கொண்டுபோக வேணும்?

வாவிக்கரை:
நெகட்டிவ் என்றதோட விட்டிராதீங்க. அந்த நிறச்சோதனை ஆர்132எச் என்ற ஒரே மாற்றத்தைத்தான் பிடிக்கும். கூடுதலானவர்களுக்கு இருப்பது அதுதான், ஆனால் ஐ.டி.எச்.1இல் வேறு மாற்றம் இருந்தாலோ ஐ.டி.எச்.2இல் இருந்தாலோ தப்பிவிடும். மரபணு வரிசைச் சோதனை செய்யாமல் இல்லை என்று சொல்ல ஏலாது.

அதோட 1பி/19கியூ என்ற குரோமோசோம் துண்டுகளும் சி.டி.கே.என்.2ஏ/பி என்ற மரபணுவும் கட்டியில் இருக்கா என்று கேளுங்க. ஐ.டி.எச். மாற்றத்தோடு முதலாவதில் இரண்டு துண்டும் சேர்ந்து இழந்திருந்தால் அது ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற வேறு வகைக் கட்டி. இரண்டாவது முற்றாக இல்லையென்றால், நுண்நோக்கியில் சாதுவாகத் தெரிகிற ஐ.டி.எச். அஸ்ட்ரோசைட்டோமாவும் 2021 உலக சுகாதார நிறுவன வகைப்படுத்தலில் கிரேட் 4. வைத்தியமே மாறிப்போகும்.

இதற்கெல்லாம் மெழுகு ப்ளொக், அதாவது வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்த துண்டு, வேணும். ஒப்பரேஷன் செய்த வைத்தியசாலையின் நோயியல் பிரிவில் இருக்கும். டொக்டரின் கடிதமும் ரிப்போர்ட்டில் உள்ள பயொப்சி இலக்கமும் இருந்தால் தேடி எடுப்பது லேசு. கொண்டுவரும்போது வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் விடாதீங்க, மெழுகு இளகிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தை சீடியாகவும் வாங்குங்க. ஃபிலிமை மட்டும் வைத்துப் பழைய ஸ்கேனோடு ஒப்பிட டொக்டர்மார் கஷ்டப்படுவாங்க.

மருந்தகன்:
மாற்றம் உறுதியானால் தாராளமாகக் கேளுங்க. அமெரிக்காவில் 2024 ஓகஸ்டில் அனுமதி கிடைத்தது. 12 வயதும் அதற்கு மேலும், ஒப்பரேஷனுக்குப் பிறகு, கிரேட் 2, ஐ.டி.எச். மாற்றம் உள்ளவர்களுக்கு. 2023இல் வெளியான இண்டிகோ என்ற ஆய்வில் இந்த மருந்து எடுத்தவர்களில் கட்டி வளராமல் நின்ற காலம் நடுமதிப்பாக 27.7 மாதம், மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 11.1. ஆனால் ஆயுள் கூடுமென்று அந்த ஆய்வு காட்டவில்லை. இதைக் குடும்பத்துக்கு வெளிப்படையாகச் சொல்லுங்க.

வயது வந்தவருக்கு நாளுக்கு ஒருதரம் 40 மி.கி. ஈரல்தான் கவனிக்க வேண்டிய இடம்: முதல் இரண்டு மாதமும் இரண்டு கிழமைக்கு ஒருக்கா இரத்தச் சோதனை, பிறகு மாதாமாதம். நாட்டில் பதிவில்லாத மருந்தென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியோடுதான் இறக்க முடியும். அந்த விண்ணப்பத்துக்கு ஆதாரமே சோதனை முடிவுதான். அதனால் மருந்துக் காசுக்காகக் காணியை ஈடு வைக்க ஓடாமல் முதலில் ப்ளொக்கை எடுங்க.

கல்முனை தாதி:
புது மருந்து வரும்வரை இருக்கிற குளிசைகளைக் கவனமாகக் கொடுங்க. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கிற டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்டைக் கிழமைக்கணக்கில் எடுத்திருந்தால் சுகம் என்று கண்டு சடுதியாக நிறுத்தக் கூடாது, உடம்பு தன் ஸ்டீரொய்டைச் சுரக்க நாள் எடுக்கும். டொக்டர் எழுதித் தந்தபடி படிப்படியாகக் குறைக்க வேணும். இரவில் கொடுத்தால் நித்திரை போகும், காலையிலும் பகலிலும் சாப்பாட்டோடு கொடுங்க. சீனி வருத்தம் இல்லாதவருக்கும் சீனி ஏறலாம், சோதியுங்க.

வலிப்புக் குளிசை ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறும்போது பையை மேல்தட்டில் போட்டுவிட்டு இரவுக் குளிசையை மறக்கிற ஆட்கள் நிறைய. அதைச் சட்டைப்பையில் வையுங்க. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்க, வாயில் ஒன்றும் வைக்காதீங்க; ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்சுக்குப் ஃபோன் அடியுங்க.