கொழுப்பு மாத்திரையால் தொடை வலி, வேறு வழி உண்டா?

மடிப்பாக்கம்52:
வயது 52. அப்பாவுக்கு 54 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது, எனக்கு இதுவரை ஒன்றுமில்லை. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 178 வந்ததால் அட்டோர்வாஸ்டாட்டின் 40 எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு தொடையும் அடித்துப் போட்ட மாதிரி வலி, வேளச்சேரி ஸ்டேஷன் படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றுவிடுகிறேன். டாக்டரிடம் சொன்னால் "வயசாகுதுல்ல" என்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல் சாப்பிடச் சொல்கிறார் ஆபீஸ் நண்பர். பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் அக்கா:
சார், எனக்கும் இதே கதைதான். நீங்களாக நிறுத்தாதீர்கள், வேறு டாக்டரையாவது பாருங்கள். சிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்), டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), வைட்டமின் டி மூன்றும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குத் தைராய்டு குறைவாக இருந்தது, அதுவே கொழுப்பையும் ஏற்றும், ஸ்டாட்டின் (உங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் வகை மாத்திரை) போட்டால் தசை வலியையும் கூட்டும், ஒரு வருடமாக யாரும் அதைப் பார்க்கவே இல்லை! டாக்டரே சில வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார், வலி போனது. அப்புறம் ரோசுவாஸ்டாட்டின் 5 ஒரு நாள் விட்டு ஒரு நாள், கூடவே எசெட்டிமைப் 10. எசெட்டிமைப் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, தனியாகப் போட்டால் எல்டிஎல் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், அதனால்தான் சேர்த்துக் கொடுத்தார். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால், தசை சிதைகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அப்போது மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருந்துக்கடைக்காரன்:
அந்தக் கேப்சூல் வேண்டவே வேண்டாம் சார். அதில் வேலை செய்யும் மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் ஒன்றேதான். எந்த மருந்துக்குப் பயந்து ஓடுகிறீர்களோ அதே வகையை, அளவு தெரியாமல் விழுங்குவீர்கள். ஸ்டாட்டினே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெம்பிடோயிக் ஆசிட் 180 இருக்கிறது. அதைச் செயல்பட வைக்கும் என்சைம் கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத சுமார் 14,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வந்தது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 13 சதவீதம் குறைந்திருந்தன. யூரிக் ஆசிட் ஏறும், கௌட் (யூரிக் ஆசிட்டால் வரும் மூட்டு வலி) இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடையில் தொண்டை வலிக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எதுவும் போட்டீர்களா? அட்டோர்வாவோடு சேர்ந்தால் வலி வரலாம்.

கடற்கரை நடை:
கொழுப்பைக் குறைக்க ஊசியும் இருக்கிறது, இன்கிளிசிரான் என்று பெயர், ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று, என் அண்ணன் போடுகிறார். ஆனால் விலை தாங்காது, கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ், இசப்கோல் கொஞ்சம் உதவும், பாமாயிலை விடுங்கள். ஆனால் சாப்பாட்டில் மட்டும் இதையெல்லாம் செய்தால் 178 நூறுக்குக் கீழே வருவது கஷ்டம்.

மடிப்பாக்கம்52:
எல்லோருக்கும் நன்றி. கிளாரித்ரோமைசின் போடவில்லை, தைராய்டு இதுவரை பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை வேறு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். சிகே டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பெரம்பூர் அக்கா:
அதற்குத் தேவையில்லை சார். ஆனால் முந்தைய இரண்டு நாள் ஜிம், பாரம் தூக்குவது வேண்டாம், அதனாலேயே சிகே ஏறிவிடும்.