மூன்று குட்டை மாடுகள் இருக்கின்றன, நாட்டுக் காளைக்கு எங்கே போவது?

கேள்வி (திருவட்டார் பக்கத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு பாட்டி காலமான பிறகு, அவர் வளர்த்த மூன்று பசுக்கள் என் பொறுப்புக்கு வந்தன. தாய், மகள், பேத்தி என்ற வரிசையில் வந்த மாடுகள் இவை. என் இடுப்புக்கு மேல் உயராத இவற்றை ஊரில் 'குட்டை மாடு' என்றுதான் சொல்வோம், வேறு பெயர் இல்லை. ரப்பர் விளைச் சரிவுகளில் மேய்ந்து, இரண்டு பருவமழையிலும் நனைந்து, பலாமடலும் கஞ்சித் தண்ணீரும் கிடைத்தால் போதும் என்று வாழ்பவை. கறவை இரண்டு லிட்டரைத் தாண்டாது.

மூத்த பசு சினைக்கு வந்தபோது, ஊசி போட வந்தவரிடம் ஜெர்சி உறைவிந்து மட்டுமே இருந்ததால் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டேன். பேத்திப் பசுவுக்குப் பத்து மாதக் காளைக்கன்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் தகப்பன் அடிமாட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கன்றையே வளர்த்து மூன்று பசுக்களுக்கும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் சித்தப்பா. அது சரியா? ஒரு வீட்டால் ஓர் இனத்தைக் காக்க முடியுமா?

மறுமொழி 1 (கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், நாகர்கோவில்)

ஜெர்சி ஊசியை மறுத்தது நல்ல முடிவு, அம்மா. கலப்பைத் தவிர்த்ததற்காக மட்டும் சொல்லவில்லை. இடுப்பளவு உயரமுள்ள பசுவின் வயிற்றில் பெரிய இனத்தின் கன்று வளர்ந்தால் ஈனும்போது சிக்கிக்கொண்டு, தாயும் கன்றும் சேர்ந்தே போகும் ஆபத்து உண்டு.

சித்தப்பாவின் யோசனையை ஏற்க வேண்டாம். அந்தக் காளை தன் தாயுடன் சேர்ந்தால் பிறக்கும் கன்றின் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவில் இணைவதன் அளவு) 25 விழுக்காடு, பாட்டியுடன் சேர்ந்தால் 12.5 விழுக்காடு. சினை பிடிக்காமை, நோஞ்சான் கன்று, குறைந்த ஆயுள் ஆகியவை அதன் விளைவுகளாக வரக்கூடும். ஒரு கூட்டத்தின் மரபுவளத்தை மாடுகளின் தலைக்கணக்கு மட்டும் காட்டிவிடாது. இருபது பசுக்களுக்கு ஒரே காளை என்றால், மரபுக் கணக்கில் அந்தக் கூட்டம் நான்கு மாடுகளுக்கும் குறைவானது. அதே இருபதுக்கு உறவில்லாத ஐந்து காளைகள் இருந்தால் அது பதினாறாக உயரும். பசுவைப் பாதுகாத்துக் காளைக்கன்றை விற்றுவிடும் பழக்கம்தான் நம் நாட்டு மாடுகளை அழிவின் விளிம்பில் நிறுத்தியது. ஐந்து அல்லது அதற்கும் குறைவான இனவிருத்திக் காளைகளே மிஞ்சியுள்ள இனத்தை, பசுக்கள் எத்தனை இருந்தாலும், மிக நெருக்கடியான நிலையில் உள்ளதாகவே ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிடுகிறது.

ஆகவே உங்கள் கன்றைக் காயடிக்காமல் வளருங்கள், ஆனால் உங்கள் வீட்டுக்காக அல்ல, அடுத்த ஊருக்காக. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கங்களில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இத்தகைய மாடுகள் இருக்கக்கூடும். அங்கே தேடிப் பார்த்து, உறவில்லாத காளைக்கன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு காளை தன் மகள்களையே சேர்ந்துவிடாமல் இருக்க, மூன்று ஆண்டுக்குள் அதை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஊருக்கு ஊர் போகும் காளைக்கு முன்னதாகப் புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவுத் தொற்றுநோய்க்கான பரிசோதனை செய்துவிடுங்கள், நோயுற்ற மாடு ஒன்று போகுமிடத்துப் பசுக்களுக்கும் அதைப் பரப்பிவிடக்கூடும்.

மறுமொழி 2 (தோவாளை)

கோட்டயம் மாவட்டத்து வெச்சூர்ப் பசுவும் இதே உயரந்தானே? திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு வெச்சூர்க் காளை வாங்கி வந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா? 1956 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம். பால் ஏ2 (ஏ2 என்ற புரத வகை உள்ள பால்) என்று சொன்னால் நல்ல விலையும் கிடைக்கும்.

மறுமொழி 3 (நாகர்கோவில், மேலே எழுதியவன்)

தம்பி, வெச்சூரின் கதையை நான் மதிக்கிறேன். உள்ளூர்க் காளைகளைக் காயடிக்க வழிசெய்த 1961-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டத்துக்குப் பிறகு அருகிப் போன அந்த இனத்தை, 1989-இல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப் தம் மாணவர்களுடன் ஊர் ஊராய்த் தேடி மீட்டெடுத்தார், அதற்காக 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தச் சட்டம் வந்தபோது நாம் தமிழ்நாட்டில் சேர்ந்துவிட்டோம், எனினும் சட்டமே இல்லாமல் நம் காளைகள் மறைந்தன என்பதுதான் எனக்குத் தாங்காத வருத்தம்.

ஆனால் உயரம் ஒத்திருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றாகிவிடாது. இவை வெச்சூரின் கிளையா, தனி வகையா என்று எவரும் அளந்து பார்க்கும் முன்பே வெச்சூர்க் காளையைச் சேர்த்தால், அந்தக் கேள்விக்கான விடையை நாமே அழித்தவர்களாவோம். முதலில் அளவெடுப்போம்: உயரம், நெஞ்சுச் சுற்று, கொம்பின் அமைப்பு, நிறம், ஈன்ற தேதி, தாய் தகப்பன் விவரம், இரு பக்கமும் எடுத்த படம். காதில் தொங்கும் 12 இலக்க மஞ்சள் வில்லையின் பதிவில் தவறாகக் கலப்பினம் என்று எழுதப்பட்டிருந்தால் கால்நடை மருந்தகத்தில் சொல்லித் திருத்துங்கள். இந்தக் குறிப்புகள் சேர்ந்தால்தான் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களை அழைக்கலாம், பின்னர் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தில் இனமாகப் பதிவு கோரலாம். பர்கூரும் உம்பளச்சேரியும் புலிக்குளமும் இன்று பதிவேட்டில் இருக்கின்றன.

ஏ2 பற்றி ஒரு சொல். நாட்டு மாடுகளில் பெரும்பாலானவற்றின் பால் அவ்வகைதான், எருமைப் பாலும் அப்படியே. ஆனால் அது நோய் தீர்க்கும் என்று சொல்லும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை. சான்றில்லாத பேச்சின் மேல் விலை வைத்தால், அந்தப் பேச்சு பொய்க்கும் நாளில் மாடும் விலை இழக்கும்.

கேட்டவரின் பதில்

ஐயா, நன்றி. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு அருமனைப் பக்கம் போனேன். ஒரு மூதாட்டியின் எருத்திலில் (மாட்டுத் தொழுவத்தில்) இரண்டு பசுக்களும் நான்கு மாதக் காளைக்கன்று ஒன்றும் இருக்கின்றன, என் மாடுகளோடு எந்த உறவும் இல்லை. அடுத்த மாதம் வியாபாரிக்குக் கொடுப்பதாகச் சொன்னவரிடம், என் கன்றைத் தந்து அதை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். என் கன்று பெரியது என்பதால் தமக்கு லாபம்தான் என்றும் சொன்னார். இரண்டையும் நூல் பிடித்து அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.