'டிட் வென்ட்' ஏன் வருகிறது? துணை வினையில் தடுமாறுபவர்களுக்கு

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் பேசத் தொடங்குபவர்களிடம் அடிக்கடி காதில் விழுவது 'ஐ டிடின்ட் வென்ட்'. 'டிட் வந்தால் வினை முதல் வடிவம்' என்று விதியைச் சொன்னால் தலையாட்டுவார்கள்; அடுத்த வாக்கியத்திலேயே 'டிடின்ட் கேம்' வரும். விதியை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழையே காட்டிப் பாருங்கள், பிடிபடும். 'வந்தான்' என்பதை மறுக்க 'வந்தவில்லை' என்று யாரும் சொல்வதில்லை, 'வரவில்லை' என்கிறோம். 'இல்லை' சேர்ந்ததும் 'வந்த்' விலகி, காலம் காட்டாத 'வர' நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். டிடின்ட் வந்ததும் கேம் விலகி கம் நிற்கும், காலத்தை டிட் சுமந்துகொள்ளும். 'ஷீ வொர்க்ஸ்' கேள்வியாகும்போது வினையின் வாலில் இருந்த எஸ் டூவுக்குத் தாவி 'டஸ் ஷீ வொர்க்?' ஆகிறது. இரண்டு இடத்திலும் எஸ் போட்டு 'டஸ் ஷீ வொர்க்ஸ்' என்றால் 'வந்தவில்லை' சொன்ன மாதிரிதான்.

'வாட் டிட் யூ டிட்?' என்பதும் இதே வகை. முதல் டிட் துணை வினை, கடைசியில் இருப்பது 'செய்' என்ற முதன்மை வினை. அதனால் 'வாட் டிட் யூ டூ?'

* * *

'வரவில்லை' நல்ல சாவி. ஆனால் அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. அந்த 'இல்லை' காலத்தையும் காட்டாது, ஆளையும் காட்டாது. நான், அவள், அவர்கள், நேற்று, இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே 'வரவில்லை'. ஆங்கிலத்தில் இதைப் பிரித்தே ஆகவேண்டும். 'அவள் சாப்பிடவில்லை' என்றால் முதலில் 'எப்போது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று என்றால் 'ஷீ டிடின்ட் ஈட்'. இந்த நிமிடம் என்றால் 'ஷீ இஸ் நாட் ஈட்டிங்'. 'இன்னும்' சேர்ந்தால் 'ஷீ ஹேஸ் நாட் ஈட்டன் யெட்'. வழக்கமாகவே இல்லை என்றால் தமிழும் 'சாப்பிடுவதில்லை' என்று மாறிவிடும், அது 'ஷீ டஸின்ட் ஈட்'.

பயிற்சிக்கு கோ, கம், ஈட், ஸீ, டேக், ரைட், கிவ், ஸ்பீக், பை, டூ என்ற 10 வினைகள் போதும். ஒவ்வொன்றையும் இந்த 4 வாக்கியத்திலும் போட்டால் 40. எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லணும். 24 துணை வினைப் பட்டியலை முதல் நாளே மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டூவுக்குப் பின் முதல் வடிவம், ஹேவுக்குப் பின் மூன்றாம் வடிவம் (ஈட்டன், கான் போல), ஆம், இஸ், ஆருக்குப் பின் 'இங்' என்ற மூன்று சேர்க்கை முதலில் நாக்கில் படியட்டும்.

* * *

மேலே சொன்னதில் ஹேவ் பற்றி இன்னும் கொஞ்சம். தொல்லையே நம்ம 'இரு'வில்தான். 'நேற்று இங்கே வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம்; தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். அதை அப்படியே மாற்றினால் 'ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே' ஆகிவிடும், அது தவறு. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2020 போல முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் ஹேவ், ஹேஸ் கூடாது: 'ஹீ கேம் யெஸ்டர்டே'. நேரம் சொல்லாமல் 'வந்திருக்கிறான்' என்றால் 'ஹீ ஹேஸ் கம்'.

'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்பது 'ஐ ஆம் ஹேவிங்' ஆவதற்கும் 'இரு'வோடு ஒட்டிய 'கிறார்கள்'தான் காரணம். உடைமைக்கு இங் வராது, 'ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ்'. நோ (தெரியும்), லைக், வான்ட் போன்றவற்றிலும் அப்படியே.

இன்னொன்று: 'அப்பா தினமும் காலையில் நடப்பார்' என்பதில் தமிழ் எதிர்கால வடிவம் வழக்கத்தைச் சொல்கிறது. வில் போடாதீர்கள், 'வாக்ஸ்' போதும்.

* * *

கேள்வியில் டூ, டிட் வேண்டுமா வேண்டாமா என்று குழம்புபவர்களுக்கு: 'ஆர் யூ ரெடி?' போல ஆம், இஸ், ஆர் ஏற்கெனவே இருந்தால் டூ தேவையே இல்லை. 'டூ யூ ஆர் ரெடி?' என்று தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தித் திருத்துங்கள்.

ஹூவில் தமிழ் உருபைப் பாருங்கள். 'யார் வந்தது?' என்பதில் யார்தான் எழுவாய், டிட் வராது: 'ஹூ கேம்?' 'யாரைப் பார்த்தாய்?' என்று ஐ உருபு ஒட்டினால் எழுவாய் 'நீ', டிட் வேண்டும்: 'ஹூ டிட் யூ ஸீ?' 'என்ன'வில் அந்த ஐ மறைந்து நிற்கும் என்பதால் கவனம் வேண்டும்: 'என்ன நடந்தது?' 'வாட் ஹேப்பன்ட்?', 'என்ன வாங்கினாய்?' 'வாட் டிட் யூ பை?'