உயர்தர வகுப்பில் வேலையின்மையைச் செயற்பாட்டின் மூலம் கற்பிப்பது எப்படி?

கேள்வி (கிளிநொச்சி ஆசிரியை):
அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பொருளியல் மாணவர்கள் வேலையின்மையின் வரைவிலக்கணத்தையும் வகைகளையும் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். ஆனால், காலபோக அருவி வெட்டு முடிந்து வீட்டிலிருக்கும் கூலியாள் வேலையற்றவரா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் தாமே செய்து, விவாதித்து விளங்கிக்கொள்ள ஏற்ற முறை இருந்தால் அறியத் தாருங்கள்.

பதில் (முல்லைத்தீவு):
வணக்கம் ரீச்சர். எங்கள் ஊர்களில் காணக்கூடிய ஒருவரின் நிலையை ஒவ்வொரு துண்டுச் சீட்டிலும் இரண்டு வரியில் எழுதி மாணவர்களிடம் கொடுத்து, தொழில் உள்ளவர், வேலையற்றவர், தொழிற்படைக்கு வெளியே உள்ளவர் (வேலை செய்யாமலும் தேடாமலும் இருப்பவர்) என்ற மூன்று மூலைகளில் எதில் போய் நிற்பது என்பதை அவர்களையே தீர்மானிக்க விடுகிறேன். அரசின் தொழிற்படை அளவீட்டின்படி, குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் உள்ளவரே. தகப்பனின் கரைவலைத் தொழிலுக்குச் சம்பளமின்றி உதவும் மகனும் அதில் அடங்குவார். இதைச் சொன்னதும் வேலையற்றவர் மூலையில் நிற்கும் பிள்ளை வாதாடத் தொடங்கும். அந்த வாதத்தைத் தயவுசெய்து சீக்கிரம் முடித்துவிடாதீர்கள், கீழுழைப்பு (தொழில் இருந்தும் போதிய அளவு வேலை கிடைக்காத நிலை) என்ற எண்ணக்கரு அங்கேதான் பிறக்கிறது.

பதில் (வவுனியா):
அதே மூலைகளை வைத்துக் கணக்கையும் செய்விக்கலாம். 12 பேரில் 6 பேர் தொழில் உள்ளவர், 2 பேர் வேலையற்றவர், 4 பேர் வெளியே என்றால், தொழிற்படை (தொழில் உள்ளவரும் வேலையற்றவரும் சேர்ந்து) 8, அதில் 2 பேர் என்பதால் வேலையின்மை வீதம் 25%. இப்போது வேலையற்ற இருவரில் ஒருவர், விண்ணப்பித்துச் சலித்துப்போன பட்டதாரி, தேடுவதை நிறுத்திவிட்டார் என்று சொல்லி அவரை மூன்றாம் மூலைக்கு அனுப்புங்கள். ஒருவருக்கும் வேலை கிடைக்காமலேயே வீதம் 14.3% ஆகக் குறைந்துவிடும். பத்திரிகையில் வரும் வீதத்தைக் கேள்வி கேட்டு வாசிக்கும் பழக்கம் இதனால் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் (துணுக்காய்):
வகைகளுக்கு ரீச்சர் கேட்ட கூலியாளே போதும். அடுத்த விதைப்புக்காகக் காத்திருந்தால் அது பருவகால வேலையின்மை. அறுவடை இயந்திரம் வந்ததால் வெட்டுக்கு ஆளே தேவைப்படாமற் போனால் அது கட்டமைப்பு வேலையின்மை. சிறுபோக விதைப்புப் பரப்பு இரணைமடு போன்ற குளங்களின் நீர்மட்டத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்படுவதால், தண்ணீர் குறைந்த ஆண்டில் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதையும் மாணவர்களைக் கொண்டே விளக்கச் செய்யலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: சீட்டுகளில் கற்பனை ஆட்களையே எழுதுங்கள். போரில் தகப்பனை இழந்து, தாயின் கூலியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், "உன் வீட்டில் யார் உழைக்கிறார்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது.