ஆல்ப் டு ஸ்விஃப்ட்: ஏழாவது வளைவில் கால் நின்றுவிடுகிறது

கேள்வி:
டர்பன், சாட்ஸ்வொர்த். கார் கொட்டகையில் ட்ரெயினர் (சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி). அதில் ஸ்விஃப்ட் செயலியின் திரை மலையான ஆல்ப் டு ஸ்விஃப்டில் ஏறுகிறேன்: 12.2 கிலோமீட்டர், 1036 மீட்டர் ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு முறையும் ஏழாவதிலேயே இறங்கிவிட்டேன். இதயத் துடிப்பு 180. கீழே விரித்த துண்டைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. எடை 82 கிலோ, பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல். எப்படியாவது ஏறிவிட வேண்டும்.

பதில்:
தம்பி, முதலில் மின்விசிறி. சாலையில் எதிர்காற்று உடம்பைக் குளிர்விக்கும்; கொட்டகையில் அது கிடையாது. அதே வாட்டுக்கு, அதாவது அதே மிதிக்கும் சக்திக்கு, இதயம் கூடுதலாக அடிக்கும். நம்ம ஊர் ஜனவரிப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். முகத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று வை. விடியற்காலையில் ஏறு.

பதில்:
அப்புறம், செட்டிங்கில் ட்ரெயினர் டிஃபிகல்டியை (திரையில் உள்ள சரிவில் எவ்வளவைக் கருவி காலுக்குக் காட்டும் என்ற அளவு) 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். 8.5 சதவீதச் சராசரிச் சரிவு காலுக்கு இரண்டரை போலத் தெரியும். ஏமாற்று வேலை இல்லை. மேலே போக அதே வாட்தான் வேண்டும். கியர் மிச்சம் இருக்கும், நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கலாம். முதல் நாலு வளைவில் அடக்கி வாசியுங்கள்.

கேட்டவர்:
அண்ணா, இன்று 4:30க்கு ஏறினேன். 84 நிமிடம்! உச்சியில் திரையில் பரிசுச் சக்கரம் சுழன்றபோது கை நடுங்கியது. இருவருக்கும் நன்றி.