திகிலெண்: பேய்ப்படங்களுக்கு மதிப்பெண் இடுவதற்கான சொற்கள்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ராயபுரத்தில் நாங்கள் நடத்தும் திரைப்பட வட்டத்துக்காகப் பேய்ப்படங்களை மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்து வருகிறோம். அதில் இடும் மதிப்பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு மூன்று பரிந்துரைகள் வந்தன. 'அச்சமானி' என்பதை ஏற்கத் தயங்குகிறேன். வெப்பமானி, அழுத்தமானி என்று 'மானி' கருவிகளுக்கு உரியதாகிவிட்டது. இங்கே அளப்பவர் படம் பார்த்த மனிதர். 'அச்சளவை' செவிக்கு இனிமையாக இருந்தாலும், அச்சகத்தில் வழங்கும் அளவை என்றே பலர் படிப்பார்கள். 'திகில்தரம்' என்பதில் தரம் என்ற சொல்லே இடறுகிறது: தேர்ந்த கலைப்படம் ஒன்று சற்றும் அச்சுறுத்தாமல் இருக்கலாம், மட்டமாக எடுத்த படம் இரவு முழுவதும் உறங்கவிடாமல் செய்யலாம். ஆகவே அணு எண், ஒளிவிலகல் எண் என்ற வழியில் 'திகிலெண்' என்று வைத்துக்கொள்ளலாம் என முன்மொழிகிறேன். 'திகில் படம்' என்பது சுவரொட்டி வரை பரவிய வழக்கு என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இதைவிட முக்கியமானது, அந்த எண்ணுக்குள் அடங்கும் கூறுகளின் பெயர்கள். படம் முடிந்து வெளியே வருபவர்களின் பேச்சைக் கவனித்தால், காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இரண்டு அனுபவங்களை மக்கள் தெளிவாகப் பிரித்தே சொல்கிறார்கள் என்பது புரியும். கதவு படாரென்று திறக்கும்போது 'தூக்கிவாரிப் போட்டது' என்பார்கள். ஒன்றுமே நடக்காத நீண்ட தாழ்வாரக் காட்சியைச் சொல்லும்போது 'உதறல் எடுத்தது' என்பார்கள். முன்னதை 'திடுக்கம்' என்றும் பின்னதை 'உதறல்' என்றும் நம் முறையில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உதறல் என்பது பேச்சுவழக்கு, கலைச்சொல்லுக்கு ஏற்றதன்று என்று நம்மில் ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். உடல் நடுங்குவதையும் உள்ளம் நடுங்குவதையும் ஒருசேரக் குறிக்கும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அகராதியில் மட்டும் வாழும் சொல் ஒன்றைத் தேடிப் போவதற்கு எனக்கு மனம் இல்லை.

இவ்விரண்டையும் பிரிப்பதற்கு உடலியல் காரணமும் உண்டு. எதிர்பாராமல் பேரொலி எழும்போது இமை மூடுவதும் தோள் குறுகுவதும் மூளைத்தண்டின் வழியே நொடியின் சிறு பகுதிக்குள் நிகழ்ந்துவிடும் அனிச்சைச் செயல்கள். படம் நல்லதோ கெட்டதோ, ஒலிபெருக்கி உரத்து இருந்தாலே அவை நிகழும், திரும்பத் திரும்ப நேர்ந்தால் மழுங்கவும் செய்யும். உதறலோ, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பில் ஊறி வளர்வது. அதை உண்டாக்க இயக்குநருக்குப் பொறுமையும் திறமையும் வேண்டும். வீட்டுக்கு வந்தபின் விளக்கை அணைக்க விடாத மூன்றாவது அச்சத்துக்குத் 'தொடரச்சம்' என்று பெயரிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண் கொடுத்து, திடுக்கத்தை அப்படியே விட்டு, மற்ற இரண்டையும் இரட்டித்துக் கூட்டினால் திகிலெண் 50க்கு அமையும். திடுக்கம் 9, உதறல் 3, தொடரச்சம் 2 பெறும் கூச்சல் படத்துக்கு 19தான் கிடைக்கும்; 2, 8, 7 பெறும் அமைதியான படத்துக்கு 32 கிடைக்கும். இந்த வேறுபாடு சரியானது என்பதே என் உறுதியான கருத்து.

தணிக்கைச் சான்றிதழே போதாதா என்று கேட்டவருக்கு: 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த யு/ஏ 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் பார்ப்பவரின் வயதைப் பற்றியவை, அச்சத்தின் அளவைப் பற்றியவை அல்ல.

நகைச்சுவைக்காக மதிப்பெண் குறைக்க வேண்டும் என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை. 2011இல் 'காஞ்சனா' வந்தது முதல் பேயும் சிரிப்பும் கலந்த படங்களுக்குத் தமிழில் பெரிய கூட்டம் சேர்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகையையும் அச்சத்தையும் உடலில் வெளிப்படும் உணர்வுகளான எட்டு மெய்ப்பாடுகளுள் தனித்தனியாக வைக்கிறது. ஒன்று கூடுவதால் மற்றது குறைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அருவருப்பையும் அவ்வாறே தனியாகக் குறித்துவைப்போம், கூட்டலில் சேர்க்க வேண்டாம். அதே இயல் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காகச் சொல்வது நமக்குப் பெரும் வசதி. பேய்ப்படம் அணங்கு வகை, சுறாவும் முதலையும் வரும் படம் விலங்கு வகை, கொலைகாரன் துரத்தும் படம் கள்வர் வகை. இறை என்பதை ஆள்வோர் என்று கொண்டால், காவல் நிலையக் கொட்டடியைக் காட்டும் படம் நான்காவது வகையில் வரும். வடசென்னையில் வளர்ந்தவர்கள் பலருக்கு அது பேயைவிடக் கூடுதலாக உதறல் தரக்கூடியது.

பலர் இடும் எண்களைத் தொகுக்கும்போது சராசரியைவிட இடைநிலை அளவே (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) பொருத்தம், ஏனெனில் பேயைக் கண்டு சிரிப்பவர் ஒருவர் போதும், சராசரியைக் கீழே இழுத்துவிடுவார். மிகுந்த எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளிக்குப் பள்ளிப் பாடநூலின் 'வீச்சு' இருக்கவே இருக்கிறது. படத்தைத் திரையரங்கில் பார்த்தாரா, கைப்பேசியில் பார்த்தாரா என்பதையும் எண்ணின் அருகே எழுத வேண்டும்.

திகிலெண், திடுக்கம், உதறல் ஆகிய மூன்றிலும் எனக்கு ஐயமில்லை. 'தொடரச்சம்' என்பதற்குப் பதிலாக 'எஞ்சச்சம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பொருள் துல்லியம், உச்சரிக்கத்தான் நாக்கு தடுமாறுகிறது. இவற்றை இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் ஏற்றும் முன், வேறு சொல் தோன்றுபவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்