உதவி தேவை: பிளேஸ்டேஷன் 2-இல் கிரான் டூரிஸ்மோ 4, புதிய டிவியில் கார் தாமதமாகத் திரும்புகிறது

கேள்வி (நெடுஞ்சாலை):

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் படித்த காலத்தில் வாங்கிய மெல்லிய வகை பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவியையும் கிரான் டூரிஸ்மோ 4 என்ற கார் பந்தய விளையாட்டின் வட்டையும் சென்ற மாதம் எனக்குக் கொடுத்தார். மெமரி கார்டில் அவர் விட்டுச்சென்ற ஆட்டம் அப்படியே இருக்கிறது. ஓட்டும் தேர்வுகளைக் கடந்து ஆட்டத்தில் பெறும் உரிமங்களில் பி, ஏ இரண்டையும் முடித்து, அடுத்ததான ஐபி உரிமத்தின் பாதித் தேர்வுகளோடு அவர் நிறுத்தியிருக்கிறார். மீதியை நான் முடித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இப்போது என்னால் பி உரிமத்தின் முதல் தேர்வில்கூட, அதாவது நேராக ஓட்டிச் சென்று குறிப்பிட்ட கட்டத்துக்குள் நிறுத்துவதில்கூட, தங்கம் பெற முடியவில்லை. பழைய குழாய் டிவியில் விடுமுறை நாட்களில் அண்ணனோடு விளையாடியபோது நான் எளிதாகச் செய்த தேர்வு அது. பிரேக்கை அழுத்திய பிறகு சற்று நேரம் கழித்தே கார் கேட்பது போலத் தோன்றுகிறது. திருப்பும்போதும் அதே தாமதம். வளைவுகளின் ஓரக் கோடுகள் ஓயாமல் துடிக்கின்றன. மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிளை எச்டிஎம்ஐ-ஆக மாற்றும் சிறிய பெட்டி ஒன்றின் வழியாக 43 அங்குல டிவியில் இணைத்திருக்கிறேன். கேபிளை மாற்றிப் பார்த்தேன், வட்டையும் துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கருவியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதியும் நேரமும் அழிந்துவிடுகின்றன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் (மூன்றாம் வளைவு):

தேதி அழிவதற்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை. உள்ளே இருக்கும் சிஆர் 2032 நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மெமரி கார்டுக்கு பேட்டரியே தேவையில்லை என்பதால் உங்கள் அண்ணனின் ஆட்டத்துக்கு இதனால் ஆபத்து இல்லை.

தாமதத்துக்குக் காரணம் கருவியும் அல்ல, வட்டும் அல்ல. இடையில் நடக்கும் பட மாற்றம். நீங்கள் இணைத்திருக்கும் முறையில் பிளேஸ்டேஷன் 2 அனுப்புவது 480ஐ என்னும் சமிக்ஞை. அதில் முழுப்படம் ஒரே வீச்சில் வருவதில்லை. நொடிக்கு 60 அரைப்படங்கள் வருகின்றன. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். பழைய குழாய் டிவி வந்த வரியை வந்த கணமே திரையில் வரைந்துவிடும். இன்றைய டிவியோ அரைப்படங்களைச் சேமித்து, இணைத்து, தன் திரை அளவுக்குப் பெருக்கி, மெருகேற்றிய பிறகே காட்டுகிறது. உங்கள் அமைப்பில் இந்த வேலையை அந்தப் பெட்டி ஒரு முறையும் டிவி மறுபடியும் செய்கின்றன. கோடுகள் துடிப்பதும் இந்த இணைப்பு சரியாக அமையாததால்தான்.

மொத்தத் தாமதம் பத்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. ஆகவே நீங்கள் பிரேக் புள்ளியைத் திரையில் காணும் கணத்தில் கார் அதைத் தாண்டி 5 மீட்டர் போயிருக்கும். நிறுத்தும் கட்டத்தைத் தவறவிடுவதற்கு அது போதும். உங்கள் திறமை குறைந்துவிட்டது என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

முதலில் டிவியின் அமைப்புகளில் கேம் மோடை, அதாவது மெருகேற்றும் வேலையைக் குறைத்துப் படத்தை விரைவாகக் காட்டும் முறையை, இயக்குங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் அதைத் தனித்தனியாக இயக்க வேண்டியிருக்கும். கருவி எந்தத் துளையில் இணைந்திருக்கிறதோ அதில் இயக்கியிருக்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள்.

பதில் (பழைய தடம்):

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் உங்களிடம் இருப்பது அமெரிக்கப் பதிப்பு என்பது பெரும் வசதி. அந்தப் பதிப்பின் திரை அமைப்பில் 480பி, 1080ஐ என்னும் இரு தேர்வுகள் உள்ளன. 480பி-யில் அரைப்படம் என்ற பேச்சே இல்லை; ஒவ்வொரு முறையும் முழுப்படம் வருவதால் டிவிக்கு இணைக்கும் வேலை இல்லாமல் போகிறது. 1080 என்ற எண்ணைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதுவும் அரைப்பட முறைதான் என்பதால் நீங்கள் தப்பிக்க நினைக்கும் சிக்கலுக்கே திரும்பிவிடுவீர்கள்.

ஆனால் மஞ்சள் கேபிளில் 480பி செல்லாது. படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள் கொண்ட காம்போனென்ட் கேபிள் வேண்டும். அல்லது கருவியின் பின்புறத்தில் நேரடியாகச் செருகி, காம்போனென்ட் சமிக்ஞையை எடுத்துக்கொள்ளும் எச்டிஎம்ஐ மாற்றி வேண்டும். எதை வாங்கினாலும், கருவியின் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பகுதியில் காம்போனென்ட் வீடியோ அவுட் என்பதை ஆர்ஜிபி-இல் விடாமல் ஒய், சிபி/பிபி, சிஆர்/பிஆர் என்று உள்ள தேர்வுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் நிறங்கள் தாறுமாறாக வரும். பலர் அதைக் கண்டு, எச்டிஎம்ஐ மாற்றியே பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நெடுஞ்சாலை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கேம் மோடை இயக்கிய அன்றே பாதிக் குறை தீர்ந்தது. காம்போனென்ட் வழியாகச் செல்லும் மாற்றியை வாங்கி 480பி-க்கு மாற்றிய பிறகு ஓரக் கோடுகளின் துடிப்பும் நின்றுவிட்டது. பி உரிமத்தின் முதல் தேர்வில் மூன்றாம் முயற்சியில் தங்கம் கிடைத்தது.

ஆயினும் இன்னொரு குறை இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. பின்சக்கர இயக்கக் கார்களில் வளைவிலிருந்து வெளியேறும்போது முடுக்கியைத் தொட்டவுடன் பின்புறம் வழுக்கிச் சுழன்றுவிடுகிறது. பிரேக்கும் எப்போதும் முழு அழுத்தத்தில் பிடிப்பதாகவே தோன்றுகிறது. அண்ணன் இதே கார்களை நிதானமாக ஓட்டியதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். பழைய கன்ட்ரோலர் கிடைக்காததால், கம்பியில்லாத புதிய மாற்றுக் கன்ட்ரோலர் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அது காரணமாக இருக்குமா?

பதில் (மூன்றாம் வளைவு):

அதுவேதான் என்று நினைக்கிறேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்; விட்டுவிட்டேன், மன்னிக்கவும். பிளேஸ்டேஷன் 2-உடன் வந்த டூயல்ஷாக் 2 கன்ட்ரோலரின் பொத்தான்கள் விரலின் அழுத்தத்தை அளவிடக்கூடியவை. எக்ஸ் பொத்தானை மெல்ல அழுத்தினால் சிறிதளவு முடுக்கம், அழுத்த அழுத்தக் கூடுதல் முடுக்கம். சதுரப் பொத்தானில் பிரேக்கும் அப்படியே. உங்கள் அண்ணனின் நிதானம் அவருடைய கட்டைவிரலில் இருந்தது. மாற்றுக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் பொத்தானுக்கு இயக்கம், நிறுத்தம் என்ற இரு நிலைகள் மட்டுமே உண்டு.

சோதிப்பது எளிது. பந்தயம் தொடங்கக் காத்திருக்கும்போது எக்ஸ் பொத்தானை மிக மெதுவாக அழுத்துங்கள். இன்ஜின் ஒலி படிப்படியாக உயராமல் ஒரேயடியாக உச்சத்துக்குப் போனால் கன்ட்ரோலர்தான் காரணம். அப்படியானால் விளையாட்டின் பொத்தான் அமைப்பில் முடுக்கத்தையும் பிரேக்கையும் வலப்பக்கக் குச்சியின் மேல், கீழ் அசைவுக்கு மாற்றிவிடுங்கள். டிசிஎஸ், அதாவது சக்கரம் வழுக்காமல் முடுக்கத்தைத் தானே குறைக்கும் உதவி, அதன் அளவைக் கூட்டியும் சுழற்சியைத் தடுக்கலாம். ஆனால் அது குறையை மூடி மறைப்பதே தவிரத் தீர்வு அல்ல, வேகத்தையும் குறைத்துவிடும்.

பதில் (பழைய தடம்):

கணினியில் எமுலேட்டர் (பிளேஸ்டேஷன் 2 போலவே இயங்கும் மென்பொருள்) வழியாக விளையாடுவோருக்கும் இதே சிக்கல் வருகிறது. பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-இன் முகப்புப் பொத்தான்கள் அழுத்தத்தை அளவிடுவதில்லை. அங்கே எக்ஸ், சதுரம் இரண்டையும் ஆர்2, எல்2 விசைகளுக்கு மாற்றிக்கொண்டால் பழைய நுணுக்கம் திரும்பிவிடும்.

நெடுஞ்சாலை:

சோதித்தேன், ஒலி ஒரேயடியாகத்தான் உயர்ந்தது. வலப்பக்கக் குச்சிக்கு மாற்றி இரண்டு மாலைகள் பழகிய பிறகு பின்புறம் வழுக்குவது கட்டுக்குள் வந்துவிட்டது. ஐபி உரிமத்தில் அண்ணன் நிறுத்திய தேர்வை நேற்று வெண்கலத்தில் கடந்தேன். அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, பழைய டூயல்ஷாக் 2 இன்னும் தன் அலமாரியில் இருப்பதாகவும் அடுத்த வாரம் அனுப்பிவைப்பதாகவும் சொன்னார். அது வந்ததும் அதே தேர்வை மீண்டும் ஓட்டி, இரண்டு நேரங்களையும் இங்கே பதிவிடுகிறேன்.